மூடி வைக்காதேங்கோ
(சங்கப் புத்தாண்டு விழா உரை)



ஸ்கொட்லாந்தின் வடகிழக்குக் கரையில் பிரேசர்பரோ என்றொரு மீன்பிடி ஊர். சனத்தொகை ஏறத்தாழ 13,000. 1990களில் அங்கே ஹெரோயின் பரவியது. இளம் மீனவர்களும் அடிமையானார்கள்.

சின்ன ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள். எங்கட சனமும் அப்பிடித்தானே? மானம் போயிடும் எண்டு மூடி வைச்சால் பிள்ளையை இழப்போம்.

இது ஒரு வருத்தம். மெதடோன் போன்ற மருந்து உண்டு. ஆனால் கவனம்: சிலகாலம் விட்டவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது, திரும்பத் தொட்டால் மூச்சே நிற்கலாம். உடனே 999க்கு அடியுங்கோ. நலொக்சோன் இருந்தால் கொடுங்கோ, மூச்சு திரும்பலாம். ஸ்கொட்லாந்தில் குடும்பங்களுக்கும் அதைப் பழக்குகிறார்கள்.

பிள்ளையைத் துரத்தாமல் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.