ஏட்டில் மட்டும் பேராசிரியர்

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகள் நானூறுக்கும் மேல். அவற்றில் பாடம் நடத்துவோரில் மிகப் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளின் ஊழியர்கள். அரசு ஊழியருக்குள்ள பாதுகாப்பு அவர்களுக்குக் கிடையாது. ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் தரும் பாதுகாப்பும் கிடையாது. பொறியியல் கல்வியின் தரம் போய்விட்டது என்று எங்கே பேச்செழுந்தாலும் முதல் விரல் இவர்களை நோக்கித்தான் நீள்கிறது. அது தவறான இடத்தைச் சுட்டுகிறது என்பதே இந்த அவையின் முன் வைக்கப்படும் வாதம்.

கிண்டியின் பொறியியல் கல்லூரி 1794-இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அதற்குப் பின் ஏறக்குறைய இரு நூற்றாண்டு காலம் தமிழ் மண்ணில் பொறியியல் கல்வி என்றால் அரசுக் கல்லூரிகளும், பி.எஸ்.ஜி., தியாகராசர் போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க அறக்கட்டளைக் கல்லூரிகளும்தான். 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. கிராமத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பொறியாளர்களானது அந்தக் கதவு வழியேதான். அதை மறுப்பது நன்றிகெட்ட செயல். ஆனால் கட்டடத்துக்கு இடம் தேடியவர்கள் ஆசிரியருக்கு வழி தேடவில்லை. நேற்று பி.இ. முடித்தவர் இன்று கரும்பலகை முன் நின்றார். பின்னர் எம்.இ. வேண்டும் என்ற விதி வந்தது. உடனே எம்.இ. இடங்கள் பெருகின, அந்தக் கல்லூரிகளிலேயே படித்து, அந்தக் கல்லூரிகளிலேயே வேலைக்குச் சேரும் வட்டம் ஒன்று உருவாயிற்று.

1987-ஆம் ஆண்டின் சட்டத்தால் அதிகாரம் பெற்ற அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர், அவருக்கு என்ன தகுதி, என்ன சம்பளம் என்று எல்லாவற்றையும் விதித்தது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2019 மார்ச்சில் அது வெளியிட்ட அறிவிக்கையின்படி, புதிதாகச் சேரும் உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். மாநிலத்தின் கட்டண நிர்ணயக் குழுவோ 2017-இல், தர அங்கீகாரம் இல்லாத பாடப்பிரிவுகளுக்கு அரசு ஒதுக்கீட்டில் ஆண்டுக்கு 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட யாரும் முன்வரவில்லை. இங்கே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு பிரிவில் 60 இடங்கள் என்றால் நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 240 மாணவர்கள். எல்லா இடமும் நிரம்பி, எல்லாரும் அரசு ஒதுக்கீட்டுக் கட்டணமே செலுத்துவதாகக் கொண்டால் ஆண்டு வரவு 1 கோடியே 20 லட்சம். பதினைந்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற பழைய விதிப்படி 16 ஆசிரியர்கள் வேண்டும். அனைவரும் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்று வைத்தாலும், வெறும் அடிப்படைச் சம்பளமே 1 கோடியே 10 லட்சத்தைத் தாண்டிவிடும். அகவிலைப்படி, ஆய்வகம், மின்கட்டணம், துப்புரவு ஊழியர் கூலி எதுவும் இதில் சேரவில்லை.

நிர்வாகங்கள் இந்தக் கணக்கைக் காட்டிக் கண்கலங்குவது வழக்கம். நிர்வாக ஒதுக்கீட்டு வரவும், பேருந்து, விடுதிக் கட்டணங்களும் அந்தக் கண்ணீரில் கரைந்துபோவதும் வழக்கம். ஆனாலும் கணக்கு பொய்யல்ல. டெல்லியில் சம்பளம் விதிக்கிறார்கள், சென்னையில் கட்டணம் விதிக்கிறார்கள். நடுவில் விழும் பள்ளத்தை ஆசிரியரின் சட்டைப்பையிலிருந்து நிரப்பிக்கொள்ளும் வசதி கல்லூரி முதலாளிக்குத் தரப்பட்டிருக்கிறது. சிறு ஊர்க் கல்லூரிகளில் எம்.இ. முடித்தவர் இருபதாயிரத்துக்கு வேலை பார்ப்பது இதனால்தான். முழுச் சம்பளம் வங்கியில் ஏறி, ஒரு பங்கு ரொக்கமாகத் திரும்ப வாங்கப்படுகிறது என்ற புகாரும் இந்தத் துறையில் பழையது.

2018-19 கல்வியாண்டில் ஏ.ஐ.சி.டி.இ. பதினைந்தை இருபதாகத் தளர்த்தியது. அதே 240 மாணவருக்கு 12 ஆசிரியர் போதும் என்றாயிற்று. பிரிவுக்கு நான்கு இருக்கைகள் ஒரே கையெழுத்தில் காலியாகின. வெளியேறியவர்களின் பாடவேளைகள் மிச்சமிருந்தவர்கள் தலையில் ஏறின. ஆசிரியர் தட்டுப்பாடு என்று மறுபுறம் புலம்பும் அமைப்பே ஆசிரியர் தேவையைக் குறைத்துக் காட்டியது. இதற்குப் பெயர் சீர்திருத்தமாம்!

இப்படிக் குறைத்த எண்ணிக்கைக்கும் உண்மையான ஆட்களை வைக்க மனமில்லாத கல்லூரிகள் செய்தது 2024 ஜூலையில் வெளியே வந்தது. 2023-24 கல்வியாண்டில் 353 பேர், 224 கல்லூரிகளின் பட்டியல்களில், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்ததை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு அம்பலப்படுத்தியது. ஒரே ஆளைப் பத்துக் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டிய கொடுமையும் அதில் உண்டு. ஊரே சிரித்தது, ‘வாத்தியார்கள் மோசடி’ என்றது. சற்று நின்று யோசித்தால் கதை வேறு. பெயரைக் கொடுத்தவர் குற்றவாளிதான், மறுப்பதற்கில்லை. அந்தப் பெயருக்குரிய நாற்காலியில் உட்கார வேண்டிய ஒன்பது பேர் எங்கே? பட்டம் வாங்கி, வேலை கேட்டு அதே கல்லூரிகளின் வாசலில் நின்றவர்கள் அவர்கள். அவர்களை வேலைக்கு வைக்காமல் மிச்சப்பட்ட சம்பளம் நிர்வாகத்தின் கணக்கில் நின்றது. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு வந்து எண்ணிப் பார்த்தது, இணைப்பும் கிடைத்தது. ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்க்கும் ஆய்வு இருக்கும்வரை ஏட்டுப் பேராசிரியர்கள் விளைந்துகொண்டேதான் இருப்பார்கள்.

உண்மையாகவே வகுப்பில் நிற்பவரின் ஆண்டு எப்படிப் போகிறது? பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்தவுடன் கையில் ஒரு பட்டியலோடு ஊர் ஊராக அனுப்பப்படுகிறார். இத்தனை மாணவரைச் சேர்த்தால்தான் அடுத்த மாதச் சம்பளம் என்று சொல்லும் கல்லூரிகள் உண்டு. முனைவர் பட்டம் பெற்றவர் ஒரு பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டணச் சலுகை பேசுகிறார். கல்லூரி திறந்தால் தர அங்கீகாரத்துக்கான நாக், என்.பி.ஏ. கோப்புகள், அவற்றுக்கு மேல் தரவரிசைக்காக ஆளுக்கு இத்தனை ஆய்வுக்கட்டுரை என்ற நெருக்கடி. ஆய்வுக்கு நேரமும் தராமல், நிதியும் தராமல், கட்டுரை மட்டும் கேட்டால் காசுக்கு அச்சிடும் இதழ்கள்தான் பிழைக்கும். பாடத்துக்கு ஆயத்தமாவது இரவு பத்து மணிக்கு மேல், தெம்பு இருந்தால்.

அண்மையில் இன்னொரு அடி விழுந்தது. 2024-25 முதல் சிறப்பாக இயங்கும் கல்லூரிகள் ஒரு பிரிவில் எத்தனை இடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பை ஏ.ஐ.சி.டி.இ. நீக்கியது. பெரிய கல்லூரிகளில் கணினி சார்ந்த பிரிவுகள் ஊதிப் பெருத்தன. சிறு கல்லூரிகளில் மெக்கானிக்கல், சிவில் வகுப்பறைகள் பூட்டப்பட்டன. இருபது ஆண்டு வெப்ப இயக்கவியல் நடத்தியவரிடம் செயற்கை நுண்ணறிவுப் பாடம் எடு, அல்லது எழுதிக்கொடுத்துவிட்டுப் போ என்கிறார்கள்.

சமூகத்தின் பார்வையோ இதற்கெல்லாம் மேல். வக்கற்றவன் வாத்தியார் என்ற பழைய ஏளனம் பள்ளி ஆசிரியரை விட்டுவிட்டது, அரசுச் சம்பளம் அவரைக் காப்பாற்றியது. இப்போது அது பொறியியல் விரிவுரையாளர் தோளில் ஏறியிருக்கிறது. கம்பெனி எடுக்காததால் கல்லூரிக்கு வந்தவர் என்று மாணவனே பேசுகிறான். பெண் பார்க்கும் இடத்தில் ‘தனியார் காலேஜா?’ என்ற கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கல்லூரி தேர்ந்தெடுக்கும் பெற்றோர் வளாக நேர்காணலில் அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஆசிரியர்கள் எத்தனை ஆண்டாக இங்கே இருக்கிறார்கள் என்று கேட்பதில்லை. கேட்டிருந்தால் பாதிக் கல்லூரிகளின் வண்ணக் கையேடு அங்கேயே மடங்கிப்போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? கோவாவின் பள்ளி ஆசிரியை ஒருவர் தொடுத்த வழக்கில் 1988-இல் உச்ச நீதிமன்றம், ஆசிரியர் அன்றைய தொழிற்தகராறு சட்டத்தின் பொருளில் தொழிலாளி அல்லர் என்று தீர்ப்பளித்தது. அதனால் வேலையை விட்டு நீக்கினாலும் தொழிலாளர் நீதிமன்றத்தின் கதவு ஆசிரியருக்குத் திறக்கவில்லை. பணிக்கொடையிலும் முதலில் இதே கதைதான் நடந்தது. ஆனால் 2009-இல் நாடாளுமன்றம் பணிக்கொடைச் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியருக்கும் உரிமை தந்தது. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. சட்டத்தைத் திருத்த முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே கோரிக்கைகளும் பெரிய ஆராய்ச்சி கேட்பவை அல்ல. கல்லூரிகள் தரும் ஆசிரியர் பட்டியலை வருமான வரிப் பிடித்தத்தோடும் வங்கிக் கணக்கோடும் பல்கலைக்கழகம் ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு பாடப்பிரிவிலும் யார் எத்தனை ஆண்டாகப் பணியில் இருக்கிறார் என்பதைக் கலந்தாய்வு தொடங்குமுன் மாணவர் பார்க்கும்படி வெளியிட வேண்டும். கட்டணத்தை நிர்ணயிக்கும் குழு, சம்பளத்தையும் அதே கோப்பில் கணக்கிட வேண்டும். சேர்க்கைக்கு ஆசிரியரை அனுப்புவதும், அவரது அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பதும் இணைப்பை ரத்துசெய்யும் குற்றங்களாக வேண்டும். நீக்கப்பட்ட ஆசிரியர் முறையிட மாநில அரசு ஒரு தீர்ப்பாயம் அமைக்க வேண்டும். அதற்கான மசோதா அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே வரவேண்டும்.