கைக்கடிகாரமும் கண்ணாடிக் கீறலும்

முகப்புக் கீறி மங்கியதும் மலிவான கைக்கடிகாரத்தைக் கைவிடுவோர் பலர். அது வேண்டாத செலவு. அத்தகைய கடிகாரங்கள் பலவற்றின் முகப்பு உண்மையில் கண்ணாடியன்று. அக்கிரிலிக் என்னும் பிளாஸ்டிக். நகத்தால் தட்டினால் மழுங்கிய ஓசையே எழும். அதிலுள்ள சிறு கீறல்களை வெண்ணிறப் பற்பசை போக்கிவிடும். அதன் நுண்துகள்கள் மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்கின்றன.

முதலில் ஈரத்துணியால் புழுதியைத் துடைத்தல் வேண்டும். மணல்துகளோடு தேய்த்தால் புதுக் கீறல்களே விழும். உலோக விளிம்பை ஒட்டுநாடாவால் மூடிப் பயறளவு பற்பசையைப் பருத்தித் துணியிலிட்டுச் சில நிமிடம் மெல்லச் சுழற்றித் தேய்த்துப் பின் துடைத்துவிடலாம். ஆழ்ந்த கீறல்களுக்கும் உண்மைக் கண்ணாடிக்கும் இம்முறை பயன்படாது.

புதிதாக வாங்குவோர் நாடவேண்டியவை யாவை? தெளிந்த இலக்கங்கள், நீர்க்காப்பு, நேரத்தை எளிதில் திருத்தும் வசதி என்பனவே. வன்னி மக்களுக்கு இது பட்டறிவு. 1990களின் பொருளாதாரத் தடையால் பற்றரிகள் அரிதாயின. சாவி கொடுத்து இயக்கும் கடிகாரத்தின் அருமை அன்று புலப்பட்டது. 1996இல் அரசு நாட்டின் நேரத்தை முன்தள்ளியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிப் பகுதியோ பழைய நேரத்தையே பின்பற்றியது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரசு நேரம் சற்றுக் குறைக்கப்பட்டபின், 2006 ஏப்பிரலில் பழைய நேரம் திரும்பும்வரை, வவுனியா நகருக்கும் அதன் வடக்கேயிருந்த அப்பகுதிக்கும் அரைமணி வேறுபாடு நிலவியது. அவ்வெல்லையைக் கடந்தவருக்கு உதவியது பொன்முலாம் அன்று. முள்ளைத் திருத்தும் சிறு திருகும், மங்காத முகப்புமே.