முட்டைக்கு மூன்று பங்கு

(வானொலியில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரும்பகுதி வானத்தையும் கண்மாயையும் நம்பியிருக்கிறது. மழை ஏமாற்றுகிற வருடத்தில், பிள்ளைக்கு நோட்டு வாங்கவும் அவசரத்துக்கு பஸ் ஏறவும் கைகொடுப்பது கொல்லையில் மேய்கிற நாலு கோழிதான். ஆனால் கடலைக்கும் நெல்லுக்கும் கணக்குப் பார்க்கிற நாம் முட்டைக்குப் பார்ப்பதில்லை. இட்டதையெல்லாம் அடைக்கு வைக்கிறோம். இல்லாவிட்டால் வாசலில் வந்த வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறோம். முட்டையை அடைக்கு, வீட்டுக்கு, விற்பனைக்கு என்று மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும்.

முதலில் அடைப் பங்கு. நாட்டுக்கோழி ஒரு தடவை முட்டைக்கு வந்தால் சுமார் 12 முதல் 15 வரை இடும். இட்டு முடிக்க மூன்று வாரம் ஆகிவிடும். அத்தனையையும் சேர்த்து வைத்தால் முதலில் இட்ட முட்டைக்கு மூன்று வார வயது. அதிலும் கூடையில் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டு வைப்போம், கோழி அதே இடத்துக்கு வரட்டும் என்று. அதையும் சேர்த்தே அடைக்கு வைப்போம். பிறகு, 'பாதி கூமுட்டையாப் போச்சுங்க' என்று வருத்தப்படுவோம்.

வம்பன் உளுந்து வாங்கும்போது முளைப்புத் திறன் பார்க்கிறோம் அல்லவா? அடை முட்டையும் விதைதான். கோடையில் ஒரு வாரத்துக்கு மேற்பட்ட முட்டையும், குளிர் காலத்தில் பத்து நாளுக்கு மேற்பட்ட முட்டையும் அடைக்கு வேண்டாம். முட்டை எடுத்தவுடன் பென்சிலால் தேதி எழுதுங்கள். கூர்முனை கீழே இருக்கும்படி, நிழலில் மணல் பரப்பிய பானையில் வையுங்கள்.

'அப்படியானால் ஒரு கோழிக்கு நாலஞ்சு முட்டைதானே தேறும்?' என்று கேட்பீர்கள். இரண்டு மூன்று கோழிகளின் புதிய முட்டைகளைச் சேர்த்து, நன்றாக அடை காக்கும் ஒரு கோழிக்கு 10 அல்லது 12 வையுங்கள். மற்றக் கோழிகளைத் தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு குத்துவதும் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், படுக்கை இல்லாத கூண்டில் சில நாள் தீனியும் தண்ணீரும் கொடுத்து வைத்தால் அடை தெளியும். குஞ்சோடு திரியும் கோழி இரண்டு மாதத்துக்கு மேல் முட்டையிடாது. அடை தெளிந்த கோழியோ சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். லாபம் இங்கேதான் இருக்கிறது.

இடிக்குப் பயந்து அடைக் கூடையில் கரித்துண்டும் இரும்பும் போடுவது நம் வழக்கம். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிவந்த நரம்பு ஓடியிருந்தால் கரு உண்டு. தெளிவாக இருந்தால் எடுத்துவிடுங்கள். 21-ம் நாள் குஞ்சு வரும்.

குஞ்சுக்குச் செலவில்லாத தீனி கரையான். பழைய பானையில் கிழிந்த சாக்கையும் காய்ந்த சாணத்தையும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். காலையில் கரையான் ஏறியிருக்கும். பூச்சி மருந்து அடித்த இடமாக இருக்கக்கூடாது. பருந்துக்கும் கீரிக்கும் தப்ப, முதல் மாதம் பஞ்சாரத்தை விட்டு அதிகம் வெளியே விடாதீர்கள்.

இவ்வளவு பாடும் ஒரே வாரத்தில் வீணாகலாம். அதுதான் வெள்ளைக் கழிச்சல். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் கண்டறியப்பட்ட நோய் இது; நம் நாட்டில் இமயமலை ஊரான ராணிக்கெட்டின் பெயரால் அழைக்கிறோம். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், கழுத்து திருகும், கால் விழும். வந்தபின் மருந்து கிடையாது. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் நடக்கும் தடுப்பூசி முகாமையும் தவறவிடாதீர்கள். நோய் கண்டதும் மிச்சத்தைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். அடுத்த ஊருக்கு நோயை நாமே சுமந்து போகிறோம். செத்ததைக் கண்மாயில் எறியாமல் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

இரண்டாவது, வீட்டுப் பங்கு. சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கிய முட்டை, 2010 முதல் வாரம் ஐந்தாக ஆயிற்று. பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்கிறது. கோழி வளர்க்கிற தாய்க்கு? கர்ப்பிணிக்கு, பால் கொடுக்கிறவளுக்கு, வீட்டுப் பெரியவருக்கு? முதலில் இட்ட, அடைக்கு ஆகாத முட்டைகளை இவர்களுக்கு என்று ஒதுக்குங்கள். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது வழக்கம். பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும். வேகவைத்தால் பத்தில் ஒன்பது பங்கு சேரும். நோய்க் கிருமி பயமும் இல்லை. ஆகவே வேகவைத்தே கொடுங்கள். ஓட்டை வறுத்துப் பொடித்துக் கோழிக்கே போடலாம், அது சுண்ணாம்புச் சத்து.

மிஞ்சியது விற்பனைப் பங்கு. தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: படுத்தால் புதுசு, நிமிர்ந்தால் பழசு, மிதந்தால் ஆகாது. கூடுதல் நாள் வைக்க வேண்டுமானால், சுண்ணாம்பு கரைத்துத் தெளிந்த நீரில் ஒரு இரவு மூழ்கவைத்து, நிழலில் உலர்த்துங்கள். ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு இரண்டு மூன்று வாரம் தாங்கும். ஆனால் இந்த முட்டை அடைக்கு உதவாது.

ஒரு பென்சில், ஒரு டார்ச் விளக்கு, ஒரு தடுப்பூசி. புதிதாகத் தேவைப்படுவது இவ்வளவுதான். நாளைக் காலை எடுக்கிற முட்டையிலிருந்தே தேதி எழுதத் தொடங்குங்கள்.