வெள்ளி மோதிரம்

கல்யாண வீடுகளில் மாப்பிள்ளைக்குத் தங்க மோதிரம் போடுவது பலருக்கும் வழக்கம். ஆனால் மார்க்கத்தைப் பேணும் இஸ்லாமிய மாப்பிள்ளையின் விரலில் மின்னுவது வெள்ளி மோதிரம்தான். தங்கம் பெண்களுக்கு உண்டு, ஆண்களுக்கு இல்லை. வெள்ளி ஆண்களுக்கும் உண்டு.

நபிகள் நாயகமும் முதலில் ஒரு தங்க மோதிரம் அணிந்தார்கள். அதைப் பார்த்துத் தோழர்களும் அணிந்தார்கள். பிறகு நபிகள் அதைக் கழற்றி எறிந்தார்கள். தோழர்களும் உடனே எறிந்துவிட்டார்கள்.

அப்புறம் வந்ததுதான் வெள்ளி மோதிரம். அது அழகுக்காகச் செய்ததல்ல. ரோமப் பேரரசுக்குக் கடிதம் எழுத நபிகள் நினைத்தபோது, முத்திரை இல்லாத கடிதத்தை ரோமர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவரிடம் சொல்லப்பட்டது. நம் ஊர் அலுவலகத்தில் முத்திரை குத்தாத காகிதம் செல்லாது அல்லவா, அதேபோல! அதனால் முத்திரையாக வெள்ளியில் மோதிரம் செய்து, அதில் மூன்று வரியாக எழுத்துப் பொறித்தார்கள்: முஹம்மது, ரஸூல், அல்லாஹ். அல்லாஹ்வின் தூதர் முஹம்மது என்று பொருள். அதே வாசகத்தை வேறு யாரும் பொறிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். முத்திரைக்கு இரண்டாவது பிரதி இருந்தால் அது முத்திரையா?

நபிகளுக்குப் பின் அது அடுத்துத் தலைமை ஏற்ற அபூபக்ரிடம் இருந்தது. பிறகு உமரிடம். பிறகு உஸ்மானிடம். ஒருநாள் மதீனாவில் அரீஸ் கிணற்றருகே உஸ்மான் உட்கார்ந்திருந்தபோது, அந்த வெள்ளி மோதிரம் தவறிக் கிணற்றுக்குள் விழுந்தது. தண்ணீரை இறைத்து மூன்று நாள் தேடினார்கள். கிடைக்கவே இல்லை.