பாரிஸ் கல்யாணத்துக்கு விசா வாங்குவது எப்படி?



சிங்கப்பூரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். மனைவி காரைக்காலில் பிறந்தவர். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி. மனைவியின் அண்ணன் பாரிசில் வேலை பார்த்து அங்கேயே குடியிருக்கிறார். வரும் ஜூலையில் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். காரைக்காலில் இருக்கும் எழுபது வயது அம்மாவும் பேத்தியின் கல்யாணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறார்.

இப்படிப்பட்ட குடும்பம் அபூர்வமானதல்ல. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர்கள். அங்கிருந்து பிரான்சுக்குப் போய்க் குடியேறியவர்களும் உண்டு. கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு. சொந்தம் ஒன்றுதான். ஆனால் கல்யாணத்துக்குப் போகும் வழி மூவருக்கும் ஒன்றல்ல.

முதலில் கணவர். சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்குப் பிரான்சுக்குக் குறுகிய காலம் சென்றுவர விசா தேவையில்லை. எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள் வரை தங்கலாம். ஆனால் விசா தேவையில்லை என்றால் விதியே இல்லை என்று பொருளல்ல. கடப்பிதழ் கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். எங்கே தங்குவீர்கள், செலவுக்குப் பணம் உண்டா, திரும்பும் பயணச்சீட்டு எங்கே என்று குடிநுழைவு அதிகாரி கேட்கலாம். 2025 அக்டோபர் 12ஆம் தேதி தொடங்கிய புதிய மின்னியல் முறையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. ஒருவர் எத்தனை நாள் தங்கினார் என்பதைக் கணினியே கணக்கிட்டுவிடும். இதுபோக, விசா தேவையில்லாதவர்கள் புறப்படுமுன் இணையத்தில் அனுமதி பெறவேண்டிய எட்டியாஸ் என்னும் திட்டத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் அறிவித்துள்ளது. பயணத் தேதி முடிவானதும் அது தமக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து மனைவி. சிங்கப்பூர் நிரந்தரவாசம் இருந்தாலும் அவர் கையில் இருப்பது இந்தியக் கடப்பிதழ். விசா தேவையா இல்லையா என்பதை முடிவு செய்வது கடப்பிதழே. எனவே அவர் ஷெங்கன் விசா எடுத்தாக வேண்டும். "கணவருக்கு வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்று நினைத்துப் பயணச்சீட்டு வாங்கிவிட்டு, கடைசி வாரத்தில் தவிப்பவர்கள் உண்டு.

ஷெங்கன் என்பது லக்சம்பர்க் நாட்டில், மொசெல் ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிற்றூர். 1985 ஜூன் 14ஆம் தேதி அங்கே ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையைக் கைவிட ஒப்பந்தம் செய்தன. இன்று அந்த வட்டத்தில் 29 நாடுகள் உள்ளன. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி மட்டுமல்ல, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேராத சுவிட்சர்லாந்தும் அதில் உண்டு. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து அதில் இல்லை. பிரிட்டனும் இல்லை.

இங்கேதான் முதல் சிக்கல் வருகிறது. அவ்வளவு தூரம் போகிறோமே, லண்டனையும் பார்த்துவிடலாம் என்று குடும்பம் ஆசைப்படுகிறது. பாரிசிலிருந்து லண்டனுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரப் பயணம்தான். ஆனால் மனைவியின் ஷெங்கன் விசா லண்டனில் செல்லாது. தனியாகப் பிரிட்டிஷ் விசா வேண்டும். கணவருக்கும் 2025 ஜனவரி 8ஆம் தேதி முதல் இ.டி.ஏ. என்னும் இணைய அனுமதி கட்டாயம். அதைவிட முக்கியமானது, மனைவிக்குக் கிடைத்தது ஒரே ஒரு முறை நுழையும் விசாவாக இருந்தால், லண்டன் போனவர் மீண்டும் பாரிசுக்குள் நுழைய முடியாது. ஆகவே பயணத் திட்டத்தை முடிவு செய்துவிட்டுத்தான் விண்ணப்பத்தில் கைவைக்க வேண்டும்.

எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? எந்த நாடு பயணத்தின் முக்கிய நோக்கமோ, எங்கே அதிக நாள் தங்கப் போகிறோமோ, அந்த நாட்டிடம். இந்தக் குடும்பத்துக்குக் கல்யாணமும் தங்கலும் பாரிசில் என்பதால் பிரான்ஸ். வெறும் சுற்றுலாவாகப் பாரிசில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 6 இரவு என்றால் சுவிஸ் தூதரகம். எங்கே சீக்கிரம் கிடைக்கும் என்று விசாரித்து, அங்கே மனுப் போடுவது தவறு.

"ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது விசாவுக்கும் பொருந்தும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். முடிவு சொல்லப் பொதுவாக 15 நாள். மேல்விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை ஆகலாம். கோடை விடுமுறைக்கு முன்னால் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பதே கடினம். ஜூலைக் கல்யாணத்துக்கு மே மாதம் யோசிப்பது தாமதம்.

2024 ஜூன் 11ஆம் தேதி முதல் பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பி வராது. மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் வட்டாரம் முழுவதற்கும், தங்கும் நாள் முழுவதற்கும் இருக்க வேண்டும். கடப்பிதழில் இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். கைரேகை நேரில் போய்க் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் 59 மாதங்களுக்குள் வரும் அடுத்த விண்ணப்பத்துக்கு அதையே பயன்படுத்திக்கொள்வார்கள்.

உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால் பிரான்சில் ஒரு தனி நடைமுறை உண்டு. அண்ணன் தம் ஊர் நகராட்சிக்குப் போய், இன்னாரை இத்தனை நாள் என் வீட்டில் தங்கவைக்கிறேன் என்று உறுதிமொழிப் படிவம் பெற வேண்டும். வீட்டுக்கும் வருமானத்துக்கும் அவர் ஆதாரம் காட்ட வேண்டும். அந்தப் படிவம் இருந்தால் விருந்தினர் கையில் நாளொன்றுக்கு 32 யூரோ 50 காசு இருப்பதாகக் காட்டினால் போதும். ஓட்டலில் தங்கினால் அது 65 யூரோ. அம்மா 20 நாள் தங்குகிறார் என்றால் 1,300 யூரோ காட்ட வேண்டிய இடத்தில் 650 யூரோ போதும். கல்யாண வேலைக்கு நடுவில் அண்ணன் நகராட்சிக்கு நடக்கத்தான் வேண்டும். பத்திரிகை அடிக்கும்போதே அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு தாள்களையும் கேட்கும் அதிகாரி உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றே செய்திகள். எதற்காகப் போகிறார்? செலவு யாருடையது? குறித்த நாளில் திரும்பிவிடுவாரா? கல்யாணப் பத்திரிகை முதல் கேள்விக்குப் பதில். சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு அறிக்கையும் இரண்டாவதற்குப் பதில். முதலாளி கொடுத்த விடுப்புக் கடிதம், சிங்கப்பூருக்குத் திரும்பி வரும் அனுமதி, பிள்ளையின் பள்ளிக்கூடம், இங்குள்ள வீடு ஆகியவை மூன்றாவதற்குப் பதில். கோப்பு தடிமனாக இருப்பதால் பயனில்லை. விடுப்புக் கடிதத்தில் 14 நாள், விமான முன்பதிவில் 21 நாள், உறுதிமொழிப் படிவத்தில் 10 நாள் என்று இருந்தால் எந்தத் தாளை அதிகாரி நம்புவார்? எல்லாத் தாளும் ஒரே செய்தியைச் சொல்ல வேண்டும்.

பலர் சறுக்குவது அடுத்த இடத்தில்தான். வங்கியில் பணம் குறைவாக இருக்கிறதே என்று நண்பரிடம் கைமாற்று வாங்கி, விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் போடுகிறார்கள். சில மாத அறிக்கையைப் புரட்டும் அதிகாரிக்கு அது உடனே தெரிந்துவிடும். இல்லாத ஓட்டலுக்கு ரசீது செய்து தருகிறேன் என்று சொல்லும் முகவர்களும் இருக்கிறார்கள். விதி கேட்பது முன்பதிவு அல்லது பயணச்சீட்டு. ரத்து செய்யக்கூடிய உண்மையான முன்பதிவு கிடைக்கும்போது பொய் ரசீது எதற்கு? விசா நிச்சயம் என்று உறுதி கூற எந்த முகவருக்கும் அதிகாரம் இல்லை. கையெழுத்துப் போட்டவர் விண்ணப்பதாரர், மாட்டிக்கொள்பவரும் அவரே. அந்தப் பதிவு ஷெங்கன் நாடுகளின் பொதுக் கணினியில் ஐந்து ஆண்டு வரை இருக்கலாம். அடுத்த முறை ரோமுக்கு விண்ணப்பித்தாலும் பாரிசில் நடந்தது தெரியும்.

உண்மையாகவே கொடுத்தும் மறுத்துவிட்டால்? மறுப்புக்கான காரணம் எழுத்தில் தரப்படும். முறையீடு செய்யும் உரிமையும் உண்டு. அதற்கான இடமும் கெடுவும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். மறுபடி விண்ணப்பிக்கத் தடையில்லை. ஆனால் அதே தாள்களை அப்படியே திரும்பக் கொடுத்தால் அதே பதில்தான் வரும். எந்தக் கேள்விக்குப் பதில் போதவில்லை என்று பார்த்து, அதற்கு ஆதாரம் சேர்க்க வேண்டும்.

கடைசியாக அம்மா. அவரைச் சிங்கப்பூருக்கு வரவழைத்து, இங்கிருந்தே எல்லாருமாக விண்ணப்பிக்கலாம் என்று மகள் நினைக்கக்கூடும். பொதுவாக அது முடியாது. ஒருவர் சட்டப்படி வாழும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சுற்றிப் பார்க்க வந்த நாட்டில் அல்ல. ஆகவே அம்மாவின் விண்ணப்பம் இந்தியாவில்.

அவருக்குச் சம்பளச் சீட்டு இல்லை. முதலாளி கடிதம் இல்லை. அதனால் அவரிடம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. ஓய்வூதியம் வந்தால் அதன் புத்தகம், சொந்த வீட்டின் பத்திரம், ஊரில் இருக்கும் மற்ற பிள்ளைகள், மருத்துவரிடம் வழக்கமாகப் போய்வரும் விவரம் எல்லாம் காரைக்காலில் அவருக்குள்ள வேர்கள். செலவை மகனும் மகளும் ஏற்கிறார்கள் என்றால் அதையே வெளிப்படையாக எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைகள் தாய்க்குச் செலவு செய்வதில் மறைக்க என்ன இருக்கிறது?

ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்புவதற்குப் பலனும் உண்டு. இந்தியாவில் வாழும் இந்தியர்களுக்காக 2024 ஏப்ரல் 18ஆம் தேதி ஒரு புது ஏற்பாடு வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவருக்கு, பல முறை சென்றுவரும் இரண்டாண்டு விசா கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கும் பிறகு, கடப்பிதழில் காலம் இருந்தால், ஐந்தாண்டு விசா. கல்யாணம் முடிந்ததும், இன்னும் ஒரு மாதம் இருந்துவிட்டுப் போ அம்மா என்று மகன் வற்புறுத்துவது பாசம்தான். ஆனால் விசா முடிந்தபின் தங்கும் ஒவ்வொரு நாளும், கொள்ளுப் பேரப்பிள்ளையைப் பார்க்க அம்மா மறுபடி வரும் வழியை அடைத்துவிடும்.

வீட்டில் ஐரோப்பியப் பயணப் பேச்சு எழுந்தால், பயணச்சீட்டின் விலையைப் பார்க்குமுன் எல்லாருடைய கடப்பிதழையும் மேசைமேல் எடுத்து வையுங்கள். எது எந்த நாட்டுடையது, எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். வேலையை அங்கிருந்து தொடங்குங்கள்.