இறக்கத்தில் எஞ்சினின் வேகம்

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை உங்களிற் பலர் அறிவீர்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியோ சுமார் 500 மீட்டர்தான். இறக்கத்தில் பிரேக்கையே ஓயாமல் அழுத்தினால் அது சூடேறி வலிமை இழக்கும். ஆகவே அனுபவமுள்ள ஓட்டுநர் கீழ்க் கியருக்கு மாற்றி, எஞ்சினையே தடையாகப் பயன்படுத்துவார்.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. நான்காம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றுகள் சுழல்வதாகக் கொள்வோம். மூன்றாம் கியரின் விகிதம் அதைப்போல் ஒன்றரை மடங்காயின், வண்டியின் வேகம் மாறாதிருக்க எஞ்சின் 3000 சுற்றுகள் சுழல வேண்டும். ஆனால் கிளச்சை மிதித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் வேகம் குறைகின்றது. அந்நிலையில் கிளச்சைச் சட்டென விட்டால், எஞ்சினை வேகப்படுத்தும் பொறுப்புச் சக்கரங்களின்மீது விழுகின்றது. வண்டி குலுங்கும், மழை நனைத்த சாலையாயின் டயர் பிடி இழந்து சறுக்கவும் கூடும்.

1970களில், சிறுவனாகிய நான் பேருந்தில் ஓட்டுநருக்கு அருகே அமர்ந்து செல்வேன். அவர் கிளச்சை மிதித்துக் கியரை நியூட்ரலுக்குக் கொணர்வார். கிளச்சை விட்டு ஆக்சிலரேட்டரை ஒரு முறை மிதிப்பார். மீண்டும் கிளச்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போடுவார். இதனை ‘டபுள் கிளச்’ என்பர். காரணம் கேட்டேன். “ரெண்டும் ஒரே வேகத்துக்கு வந்தாத்தான் பல் சேரும், தம்பி” என்றார். பௌதிகத்தில் நான் கற்ற முதற் பாடம் அதுவே.

பின்னர்ப் பரவிய சிங்க்ரோமெஷ் அமைப்பு, கியர்ப் பெட்டிக்குள் உள்ள வேகங்களைச் சமன் செய்தது. எஞ்சினின் வேகத்தைச் சமன் செய்யும் வேலை மட்டும் ஓட்டுநரின் காலிடமே எஞ்சியது. அந்த வேலையைக் கணினியிடம் ஒப்படைத்த கார்களுள் முன்னோடி, 2009ஆம் ஆண்டு மாடலான நிஸ்ஸான் 370இசட். கிளச் மிதிபட்டதையும், கியர்க் கோல் நகரும் திசையையும், வண்டியின் வேகத்தையும் உணர்கருவிகள் அறிவிக்கின்றன. கணினி தேவையான சுற்றுகளைக் கணக்கிட்டு, எஞ்சினுக்குள் காற்றுச் செல்லும் வழியைத் திறந்து வேகத்தை உயர்த்துகின்றது. யாவும் கண நேரத்தில் முடிகின்றன.

இக்கருத்தின் உறவினைக் காண அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டிவிஎஸ் நிறுவனம் 2023இல் வெளியிட்ட அபாச்சி ஆர்டிஆர் 310 மோட்டார் சைக்கிளில், கிளச்சைத் தொடாமலே மேலும் கீழும் கியர் மாற்ற உதவும் கருவியைப் பொருத்திப் பெறலாம். கீழே மாற்றுகையில் அங்கும் எஞ்சினின் வேகம் தானே உயர்கின்றது.

எனினும் ஒன்றை மறவாதீர்கள். சுற்றுகளைக் கணக்கிடுவது கருவியின் வேலை. எந்த இடத்தில், எந்த வேகத்தில், எந்தக் கியருக்கு மாறுவது என்று முடிவு செய்வது ஓட்டுபவரின் வேலை. அந்த முடிவில் தவறினால் இறக்கம் மன்னிப்பதில்லை. கருவியைப் பயன்படுத்துங்கள், அதன் காரணத்தையும் அறிந்து பயன்படுத்துங்கள்.