எங்க அப்பாவோட கை

கம்ப்யூட்டர் இசையைக் கெடுத்துடுச்சுன்னு எதிரணியில சொன்னாங்க. கெடுத்தது கம்ப்யூட்டர் இல்லீங்க, நம்ம அவசரம்!

நான் வியாசர்பாடிக்காரன். அப்பா சாவு வீட்டுல சட்டி வாசிச்சவர். ஒருமுறை பதிவு செஞ்சப்போ சட்டி, கட்டைமோளம், டோலக் மூணுக்கும் மொத்தமா ஒரே எதிரொலி போட்டுட்டாங்க. கேட்டவர், "என் கையைக் காணோமேடா"ன்னார்.

அப்புறம் நானே மூணுக்கும் தனித்தனி மைக் வெச்சேன். எஃப்.எல். ஸ்டுடியோவில் தனித்தனி வழியில விட்டேன். கட்டைமோளத்துக்கு எதிரொலியே இல்லை. கனத்த சத்தம் நீண்டா அடுத்த அடி முழுகிடும். சட்டிக்கு மட்டும் துளி. அப்பா நிமிர்ந்தார்: "இதோ என் கை!"

2018-ல கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறினப்போ சட்டியும் கட்டைமோளமும் கிட்டாரோட சமமா நின்னுச்சு. ஒவ்வொண்ணையும் தனியா மதிச்சாத்தான் கூட்டு இனிக்கும். மனுஷனும் அப்படித்தானுங்களே!